தலைமுடி மாற்று அறுவை சிகிச்சை: யாருக்குப் பொருந்தும், யாருக்குப் பொருந்தாது?

புதுதில்லி: வழுக்கைக்கு நிரந்தரத் தீர்வு என்ற விளம்பரங்களுடன் முடி மாற்று சிகிச்சை மையங்கள் நாடெங்கும் பெருகியுள்ளன. சில மணி நேரத்தில் முடிந்து அன்றே வீடு திரும்பலாம் என்பதால், இதை அழகு நிலையச் சேவை போலக் கருதுவோர் உண்டு. ஆனால், இது மரத்துப்போகச் செய்யும் ஊசி செலுத்திச் செய்யப்படும் அறுவை சிகிச்சை. 2016-ஆம் ஆண்டு சென்னையில் மருத்துவ மாணவர் ஒருவரும், 2019-ஆம் ஆண்டு மும்பையில் தொழிலதிபர் ஒருவரும் இச்சிகிச்சைக்குப் பின் உயிரிழந்தனர். எனவே, முடிவெடுக்கும் முன் சிலவற்றைத் தெரிந்துகொள்வது அவசியம்.

சிகிச்சை எவ்வாறு செய்யப்படுகிறது?

ஆண்களுக்கு ஏற்படும் வழுக்கைக்குப் பரம்பரைத் தன்மையும், டைஹைட்ரோடெஸ்டோஸ்டீரோன் என்ற ஹார்மோனும் முக்கியக் காரணங்கள். பின்னந்தலையிலும் பக்கவாட்டிலும் உள்ள முடிவேர்கள் இந்த ஹார்மோனால் பெரிதும் பாதிக்கப்படுவதில்லை. அவற்றை எடுத்து, முடி உதிர்ந்த இடத்தில் நடுவதே இச்சிகிச்சை.

எஃப்யூடி முறையில் பின்னந்தலையிலிருந்து தோல் பட்டை ஒன்று வெட்டி எடுக்கப்பட்டு, அந்த இடம் தைக்கப்படுகிறது. இதனால் கோடு போன்ற தழும்பு எஞ்சும். எஃப்யூஇ முறையில் வேர்கள் ஒவ்வொன்றாக எடுக்கப்படுவதால் சிறு புள்ளித் தழும்புகள் மட்டுமே இருக்கும். இரண்டிலும் புதிய முடி உருவாக்கப்படுவதில்லை. இருக்கும் முடி இடம் மாற்றப்படுகிறது. எடுத்த இடத்தில் அந்த வேர் மீண்டும் முளைக்காது. ஆகவே, பின்னந்தலையில் உள்ள கையிருப்பே சிகிச்சையின் எல்லையைத் தீர்மானிக்கிறது.

யாருக்குப் பொருந்தும்?

முடி உதிர்வு ஓரளவு நிலைபெற்றவர்கள், பின்னந்தலையில் அடர்த்தியான முடி உள்ளவர்கள், தீக்காயம் அல்லது விபத்துத் தழும்பால் முடி இழந்தவர்கள் ஆகியோருக்கு இது பயன் தரக்கூடும்.

20 வயதை ஒட்டியவர்களுக்கு அவசரம் வேண்டாம் என்பதே பொதுவான மருத்துவ ஆலோசனை. அந்த வயதில் வழுக்கை எதுவரை பரவும் எனக் கணிக்க இயலாது. முன்நெற்றியில் முடியை நட்ட பிறகு, அதன் பின்னால் உள்ள இயற்கை முடி உதிர்ந்தால் நட்டது மட்டும் தனித்துத் தெரியும். அப்போது ஈடுசெய்யப் போதிய வேர்கள் எஞ்சியிராது.

யாருக்குப் பொருந்தாது?

டைபாய்டு, டெங்கு போன்ற காய்ச்சலுக்கும் பிரசவத்துக்கும் பிறகு இரண்டு, மூன்று மாதங்களில் கொத்தாக முடி உதிர்வது உண்டு. இது பெரும்பாலும் சில மாதங்களில் தானாகவே சரியாகும். இரும்புச்சத்துக் குறைவு, தைராய்டு கோளாறு ஆகியவற்றால் உதிரும் முடிக்கு, மூல காரணத்துக்கே சிகிச்சை தேவை. பெண்களில் பலருக்குத் தலை முழுவதும் பரவலாக முடி மெலிவதால், எடுத்து நடத் தகுந்த வேர்கள் குறைவாக இருக்கலாம். வட்ட வட்டமாக முடி உதிரும் அலோபீசியா ஏரியாட்டா நோய்எதிர்ப்பு மண்டலக் கோளாறு என்பதால், நட்ட முடியும் உதிரக்கூடும்.

கட்டுக்குள் இல்லாத சர்க்கரை நோய், ரத்த அழுத்தம், இதய நோய் உள்ளோரும், ரத்தம் உறையாமைக்கான மாத்திரை உட்கொள்வோரும் தங்கள் மருத்துவரின் ஒப்புதலின்றி இதற்கு முன்வரக் கூடாது.

எதிர்பார்ப்பும் காலமும்

நடப்பட்ட முடிகளில் பெரும்பகுதி முதல் சில வாரங்களில் உதிர்ந்துவிடும். இது இயல்பானதே, வேர் உள்ளேயே இருக்கும். மூன்று, நான்கு மாதங்களில் புதிய முடி அரும்பத் தொடங்கும். முழுப் பலன் தெரிய ஏறத்தாழ ஓராண்டு ஆகும். இளமைக்கால அடர்த்தி திரும்பாது. எஞ்சிய இயற்கை முடியைக் காக்க மினாக்சிடில், ஃபினாஸ்டிரைடு போன்ற மருந்துகளைத் தொடர வேண்டியிருக்கலாம். ஃபினாஸ்டிரைடு சிலருக்குப் பாலியல் ரீதியான பக்க விளைவுகளை ஏற்படுத்தக்கூடும் என்பதால் மருத்துவப் பரிந்துரை கட்டாயம்.

வீக்கம், உணர்வின்மை, தொற்று ஆகியவை சிகிச்சைக்குப் பின் வரக்கூடியவை. மரத்துப்போகும் மருந்தின் அளவு மிகுதல், கடும் ஒவ்வாமை ஆகியவை அரிதானாலும் உயிருக்கே ஆபத்தானவை.

யார் செய்யலாம்?

முறையான அறுவை சிகிச்சைப் பயிற்சி பெற்ற பதிவு பெற்ற மருத்துவரே இதைச் செய்ய வேண்டும் எனத் தேசிய மருத்துவ ஆணையம் 2022-ஆம் ஆண்டு அறிவுறுத்தியது. பிளாஸ்டிக் அறுவை சிகிச்சை, தோல் மருத்துவம் ஆகிய துறைகளின் பட்டமேற்படிப்பில் இதற்கான பயிற்சி உள்ளது. பயிலரங்குகளிலோ யூடியூப் தளத்திலோ பார்த்துக் கற்பது போதுமான பயிற்சியாகாது என்றும் ஆணையம் தெளிவுபடுத்தியது.

செலவு

கட்டணம் பெரும்பாலும் நடப்படும் வேர்த்தொகுப்புகளின் எண்ணிக்கையைப் பொறுத்து அமைகிறது. அதிக எண்ணிக்கையை ஒரே அமர்வில் நடுவதாகக் கூறினால் எச்சரிக்கை தேவை. விபத்து, பிறவிக் குறைபாடு போன்ற காரணங்களுக்காக அன்றி, அழகுக்காகச் செய்யப்படும் முடி மாற்று சிகிச்சைக்கு ஜிஎஸ்டி விலக்கு கிடையாது. மருத்துவக் காப்பீடும் பொதுவாக இதற்குப் பொருந்தாது.

சம்மதிக்கும் முன் கேட்க வேண்டியவை

* முடி உதிர்வுக்கான காரணம் பரிசோதனை மூலம் உறுதி செய்யப்பட்டதா?
* கீறுவதும் வேர்களை எடுப்பதும் மருத்துவரா, உதவியாளரா?
* மருத்துவரின் பதிவு எண் என்ன? மாநில மருத்துவக் கவுன்சிலில் அதைச் சரிபார்க்க முடியுமா?
* மூச்சுத்திணறலோ மாரடைப்போ ஏற்பட்டால் சமாளிக்கும் வசதி அங்கேயே உள்ளதா?
* எத்தனை வேர்த்தொகுப்புகள் எடுக்கப்படும், பின்னாளுக்கு எத்தனை எஞ்சும்?

இவற்றுக்குத் தெளிவான பதில் தராமல் சலுகைக் கட்டணத்தைக் காட்டி முன்பணம் கேட்கும் மையத்தைத் தவிர்ப்பது நல்லது. முடி இழப்பு உயிருக்கு ஆபத்தானதன்று. ஆகவே, இதில் இரண்டாவது மருத்துவரின் கருத்தைக் கேட்டு முடிவெடுக்க எப்போதும் அவகாசம் உண்டு.