அக்கினித் தலத்தில் கூழ்ப் பானை

பஞ்சபூதத் தலங்களில் திருவண்ணாமலை நெருப்புக்கு உரியது. சித்திரை, வைகாசியில் அங்கே போனவர்களுக்கு இதைப் புராணம் சொல்லி விளக்க வேண்டியதில்லை. மலைப் பாறையும் மாட வீதியும் சேர்ந்து விளக்கிவிடும். அக்கினி நட்சத்திர நாட்களில் அண்ணாமலையாருக்கு மேலே ஒரு பாத்திரத்தைத் தொங்கவிட்டு, துளித் துளியாக நீர் விழும்படி தாராபிஷேகம் செய்கிறார்கள். நெருப்பே வடிவான சுவாமிக்கும் குளிர்ச்சி வேண்டும் என்று எண்ணியவர்கள் மனிதனுடைய வயிற்றை மறந்திருப்பார்களா?

மேல்நாட்டார் கோடையில் குளிர்ந்த காய்கறிச் சூப் அருந்துவதைப் பெருமையாக எழுதுகிறார்கள். ஸ்பெயின் தேசத்தின் தென்பகுதியான அந்தலூசியாவின் ‘கஸ்பாச்சோ’ அவற்றில் பேர்போனது. இன்று அது தக்காளிச் சிவப்பில் கண்ணாடிக் கிண்ணத்தில் வருகிறது. ஆனால் தக்காளி 16ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவிலிருந்து ஸ்பெயினுக்கு வந்த விருந்தாளி. பழைய கஸ்பாச்சோ என்பது காய்ந்த ரொட்டியையும் பூண்டையும் உப்போடு இடித்து, ஆலிவ் எண்ணெயும் காடியும் விட்டு, தண்ணீரில் கரைத்ததுதான். வெயிலில் வயல் வேலை செய்தவனின் சாப்பாடு அது.

இதைப் படித்தபோது எனக்குப் பழைய வட ஆற்காட்டுக் கூழ்தான் நினைவுக்கு வந்தது. கேழ்வரகு மாவை முதல் நாளே கரைத்துப் புளிக்க வைக்கிறார்கள். அரிசி நொய்யோடு சேர்த்துக் காய்ச்சி, பானையில் இரவு முழுவதும் ஆறவிடுகிறார்கள். காலையில் தண்ணீரும் மோரும் உப்பும் சேர்த்துக் கரைத்தால் கூழ் தயார். அரிந்த சின்ன வெங்காயம் உள்ளே. மாங்காய்த் துண்டும் மோர் மிளகாயும் பக்கத்தில். இரண்டு தேசத்து ஏழையும் ஒருவரை ஒருவர் கேளாமலே ஒரே முடிவுக்கு வந்திருக்கிறார்கள்: தானியம், புளிப்பு, உப்பு, தண்ணீர். வியர்வையில் போனது உப்பும் நீரும். திரும்பி வர வேண்டியதும் அவைதானே!

கலப்பில்லாத சொந்தச் சரக்கு என்று நாமும் மார்தட்ட முடியாது. கேழ்வரகு மிகப் பழங்காலத்தில் ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது. மிளகாய் அமெரிக்கச் சரக்கு. போர்ச்சுகீசியர் கப்பலில் வந்து, நம் மிளகின் பெயரையே ஒட்டிக்கொண்டுவிட்டது.

மிளகுக்கோ வேறு யோகம் அடித்தது. சென்னையில் இருந்த வெள்ளைக்காரர்கள் நம் மிளகுத் தண்ணீரில் இறைச்சியைப் போட்டு ‘மல்லிகட்டானி’ என்ற சூப்பாக்கிக்கொண்டார்கள். 1886இல் வெளியான ஹாப்ஸன்-ஜாப்ஸன் அகராதியில் அதற்கு இடம் கிடைத்தது. மிளகுத் தண்ணீர் கப்பலேறியது. கூழ் களத்து மேட்டிலேயே நின்றுவிட்டது.

கூழ் மட்டும் ஏன் நின்றது? 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைத் தாது வருஷப் பஞ்சம் அழித்தது. 1877இல் சர் ரிச்சர்ட் டெம்பிள், நிவாரண வேலை செய்தவனுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியம் போதும் என்று கணக்குப் போட்டார். கஞ்சித் தொட்டிகளின் முன்னே மக்கள் வரிசையில் நின்றார்கள். வீட்டில் உரிமையோடு குடித்ததைக் கையேந்தி வாங்க நேர்ந்தபோது, அந்த உணவின் மேலேயே ஒரு கூச்சம் படிந்துவிட்டது என்று நினைக்கிறேன். பிள்ளைகள் கொஞ்சம் படித்து உத்தியோகத்துக்குப் போனதும் பானையை விருந்தாளி கண்ணில் படாமல் நகர்த்திவைத்தோம்.

கொடுப்பதில் வேறு முறையும் நம்மிடம் இருந்தது. திங்களூரில் அப்பூதியடிகள் திருநாவுக்கரசர் பெயரால் தண்ணீர்ப் பந்தல் வைத்ததைப் பெரியபுராணம் சொல்கிறது. அந்தப் பந்தலில் யாரும் குடிப்பவனை எடை போடவில்லை. அண்ணாமலையிலேயே, குகை நமசிவாயர் கோயிலில் வாழ்ந்த கீரைப்பாட்டி மலையில் கீரை பறித்துச் சமைத்து ரமண மகரிஷிக்குக் கொடுத்துவந்தாள். கொடுத்தவள் ஏழை, ஏற்றவர் துறவி. அங்கே தாழ்ந்தவர் யார்?

இப்போது கோடைதோறும் சாலையோரங்களில் கூழ் விற்கிறார்கள். சர்க்கரை வியாதிக்கு நல்லது என்று கேள்விப்பட்டுக் காரை நிறுத்திக் குடிப்பவர்களைப் பார்க்கிறேன். நல்லதுதான். ஆனால் பானைக்குத் திரும்பி வந்த மரியாதை, அதைக் கரைத்துத் தரும் அம்மாளுக்கும் வந்ததா என்றுதான் தெரியவில்லை. அவள் நிழலில்லாத இடத்தில் நிற்கிறாள். நாம் அங்கேயும் விலையைக் குறைக்கச் சொல்லிப் பேசிக்கொண்டிருக்கிறோம்.