களத்து ஜெர்சியும் கடை ஜெர்சியும்: வட அமெரிக்க விளையாட்டு லீகுகளின் சீருடை உரிமமும் ரசிகர் ஆடையின் தரமும்

முன்னுரை

2024 பிப்ரவரியில் மேஜர் லீக் பேஸ்பால் அணிகள் பயிற்சி முகாம்களுக்குத் திரும்பியபோது ஆட்டத்தைவிட ஆடையே அதிகம் பேசப்பட்டது. நைக்கி வடிவமைத்து ஃபனாட்டிக்ஸ் தைத்துக் கொடுத்த புதிய சீருடையில், முதுகிலிருந்த பெயர் எழுத்துகள் சிறுத்திருந்தன. வெள்ளைக் கால்சட்டைக்குள் செருகிய மேல்சட்டையின் ஓரம் வெளியே தெரிந்தது. சாம்பல் நிற மேல்சட்டையும் கால்சட்டையும் ஒரே சாயலில் இல்லை. அந்தச் சாம்பல் துணியில் வியர்வை திட்டுத்திட்டாகப் படிந்தது. சில மாதங்களுக்குள் லீக் இறங்கிவந்தது; 2025 பருவத்துக்குள் பெரிய எழுத்துகளும் பழைய கால்சட்டை முறையும் திரும்பிவிட்டன.

ரசிகர்களோ கடை ஜெர்சியின் தரம் பற்றி நெடுங்காலமாகக் குறைகூறி வருகிறார்கள். ஒட்டிய எழுத்து சலவையில் உரிகிறது, துணி மெலிந்துவிட்டது, விலை மட்டும் ஏறுகிறது என்பவை பழைய புகார்கள். வீரர்களின் குறை ஓராண்டில் தீர்ந்தது. ரசிகர்களின் குறை ஏன் தீரவில்லை? மலிவான துணி, வணிகப் பேராசை என்று வழக்கமாகச் சொல்லப்படும் காரணங்கள் போதுமானவை அல்ல என்பது இக்கட்டுரையின் வாதம். சீருடை உரிமம் தனியுரிமமாக மாறிய வரலாற்றில்தான் விடை இருக்கிறது. அந்த ஏற்பாட்டில் ஜெர்சிக்குப் பணம் தருபவர் ரசிகர். ஆனால் தரத்தைப் பற்றிக் கேட்கும் இடத்தில் அவர் இல்லை.

கம்பளியிலிருந்து பின்னலாடைக்கு

நியூயார்க்கின் நிக்கர்பாக்கர் குழு 1849இல் நீலக் கம்பளிக் கால்சட்டை, வெள்ளை ஃபிளானல் சட்டை, வைக்கோல் தொப்பி என்று சீருடையை வகுத்துக்கொண்டது. அடுத்த நூற்றிருபது ஆண்டுகள் பேஸ்பாலின் துணி கம்பளி ஃபிளானல்தான். கோடை வெயிலில் அது கனக்கும். வியர்வை பட்டால் மேலும் கனக்கும். ஆனால் நீடித்து உழைக்கும். அக்காலத்தில் சீருடை அணியின் உழைப்புக் கருவியாகவே இருந்தது. எண்களை நியூயார்க் யாங்கீஸ் அணி 1929இல் நிலையாகப் பொறித்தது. வீரரின் பெயரை முதுகில் எழுதும் வழக்கத்தை 1960இல் சிகாகோ ஒயிட் சாக்ஸ் உரிமையாளர் பில் வெக் தொடங்கினார். பார்வையாளர் வீரரை அடையாளம் காண உதவிய இவ்விரு மாற்றங்களும், பின்னாளில் ரசிகர் ஒரு குறிப்பிட்ட வீரரின் ஜெர்சியை வாங்குவதற்கு அடித்தளமிட்டன.

1970 ஜூலையில் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணி தன் புதிய மைதானத்தில் நைலானும் பருத்தியும் கலந்த இரட்டைப் பின்னல் துணியில் களமிறங்கியது. சில ஆண்டுகளில் மற்ற அணிகளும் ஃபிளானலைக் கைவிட்டன. பின்னல் துணி இலேசானது, இழுபடக்கூடியது, பெரிய அளவில் உற்பத்தி செய்ய ஏற்றது. வீரருக்கான துணியையே ரசிகருக்கும் வெட்டி விற்கலாம் என்ற எண்ணம் தொழில்நுட்ப அளவில் இங்கேதான் சாத்தியமாயிற்று.

ஃபிளானல் மறைந்த பின் அதற்கே ஒரு சந்தை பிறந்தது சுவையான திருப்பம். பிலடெல்பியாவில் 1904இல் தொடங்கிய மிட்செல் அண்ட் நெஸ் என்ற விளையாட்டுப்பொருள் கடையை நடத்திய பீட்டர் கப்பொலினோ, 1980களின் நடுவில் உள்ளூர் ஆலையொன்றில் தேங்கிக் கிடந்த பழைய கம்பளி ஃபிளானலைக் கண்டெடுத்து, பழங்கால ஜெர்சிகளை அச்சு அசலாகத் தைத்து விற்கத் தொடங்கினார். கையால் வெட்டிய எழுத்து, சரியான பொத்தான், சரியான துணி ஆகியவற்றுக்காக ரசிகர்கள் அதிக விலை தரத் தயாராக இருந்தார்கள். ரசிகர் தரத்தைப் பார்ப்பதில்லை என்ற கருத்துக்கு இது நேர்மாறான சான்று.

உரிமம் தனியுரிமமான கதை

அமெரிக்கக் கால்பந்து லீகான என்.எஃப்.எல். 1963இல் என்.எஃப்.எல். பிராப்பர்ட்டீஸ் என்ற அமைப்பை உருவாக்கியது. அணிகளின் பெயர், சின்னம், நிறம் ஆகியவற்றை ஒன்றுதிரட்டிப் பிறருக்கு உரிமம் அளிப்பது அதன் வேலை. அடுத்த முப்பத்தேழு ஆண்டுகள் அது பல நிறுவனங்களுக்கு ஒரே நேரத்தில் உரிமம் கொடுத்தது. ஒரே அணியின் தொப்பியைப் பல கம்பெனிகள் தைத்தன. கடைக்கு வந்தவர் விலையையும் தையலையும் ஒப்பிட்டு வாங்க முடிந்தது.

2000 டிசம்பரில் இந்த முறை மாறியது. தனியுரிமம் வழங்க அணிகள் வாக்களித்தன. தொப்பிகளுக்கான உரிமம் பத்தாண்டுகளுக்கு ரீபாக் நிறுவனத்துக்கு மட்டும் கிடைத்தது. இருபது ஆண்டுகளுக்கும் மேலாகத் தொப்பி தைத்து வந்த இலினாய் மாநிலத்தின் அமெரிக்கன் நீடில் நிறுவனம் உரிமத்தை இழந்து வழக்குத் தொடுத்தது. லீக் என்பது ஒரே வணிக அமைப்பு, தன்னோடு தானே சதி செய்ய முடியாது என்பது என்.எஃப்.எல். வாதம். கீழ் நீதிமன்றங்கள் அதை ஏற்றன. 2010 மே மாதம் உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அதை மறுத்தது. முப்பத்திரண்டு அணிகளும் தனித்தனி உரிமையாளர்களைக் கொண்டவை, தம் சின்னங்களை விற்பதிலும் ஒன்றோடொன்று போட்டியிடக்கூடியவை, ஆகவே அவற்றின் கூட்டு முடிவு போட்டிச் சட்டத்துக்கு உட்பட்டது என்று நீதிபதி ஜான் பால் ஸ்டீவன்ஸ் தீர்ப்பெழுதினார்.

தீர்ப்பு வரலாற்றுச் சிறப்புடையது. சந்தையில் அதன் விளைவு சிறியது. கூட்டு முடிவு நியாயமானதா என்று ஆராயலாம் என்றதே தவிர, தனியுரிமத்தை அது தடைசெய்யவில்லை. வழக்கு 2015இல் சமரசத்தில் முடிந்தது. அதற்குள் சீருடையில் ரீபாக்கின் இடத்துக்கு 2012இலேயே நைக்கி வந்துவிட்டது.

தனியுரிமத்தில் போட்டி ஒழிந்துவிடுவதில்லை; இடம் மாறுகிறது. முன்பு கடையில், ரசிகரின் முன்னிலையில் நடந்த போட்டி, இப்போது பத்தாண்டுக்கு ஒருமுறை லீக் அலுவலகத்தில் நடக்கிறது. அங்கே வெல்லும் தகுதிகளில் முதன்மையானது உரிமத்தொகை. அதைக் கட்டிய நிறுவனம் அதைத் திரும்ப ஈட்டும் வழிகள் இரண்டே: விலை, செலவு.

ஒரே பெயர், பல தரங்கள்

இந்த நெருக்கடிக்குத் தொழில் கண்ட தீர்வு தரப் படிநிலை. என்.எஃப்.எல். ஜெர்சியை நைக்கி கேம், லிமிடெட், எலீட் என்று மூன்றாகப் பிரித்தது. அடிநிலையான கேம் வகையில் எண்ணும் பெயரும் அச்சிட்டவை. நடுநிலையில் துணியில் வெட்டித் தைத்தவை. உச்சியிலுள்ளதுதான் களத்து ஜெர்சிக்கு அருகில் வரும். மூன்றிலும் அணியின் பெயரும் சின்னமும் ஒன்றே. தொலைவிலிருந்து பார்த்தால் வேறுபாடு தெரியாது.

அருகில் பார்த்தால் தெரியும். மரபான பேஸ்பால் ஜெர்சியில் எழுத்து என்பது ட்வில் துணியில் வெட்டிய இரண்டு அடுக்குகள். கீழடுக்கின் ஓரம் மேலடுக்குக்கு வெளியே நீண்டு கரை கட்டும். இரண்டையும் நெருக்கமான வளைதையல் பிடித்திருக்கும். விரலால் தடவினால் மேடு தட்டும். மலிவு வகையில் வெப்ப அழுத்தத்தில் ஒட்டிய படலம் வழவழக்கும். சலவைக்குப் பின் முதலில் அதன் மூலைகளே எழும்பும். திருப்பூரில் பனியன் துணியைச் சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்று கேட்டு மதிப்பிடுவதுபோல, தேர்ந்த ரசிகர்களும் எடையையும் தையலையும் பார்த்தே ஜெர்சியை எடைபோடுகிறார்கள்.

ஐஸ் ஹாக்கியில் இந்தத் தேர்ச்சி இன்னும் கூர்மையானது. களத்து ஜெர்சியின் முதுகுப்புற உட்பக்கத்தில், கால்சட்டையோடு பிணைத்துக்கொள்ள ஒரு பட்டை தைக்கப்பட்டிருக்கும். கைகலப்பில் எதிராளி ஜெர்சியைத் தலைக்கு மேல் இழுத்துவிடாமல் இருக்க அது உதவுகிறது. அதைக் கட்டாமல் சண்டையில் இறங்கி ஜெர்சியை இழக்கும் வீரரை ஆட்டத்திலிருந்தே வெளியேற்ற விதி உண்டு. வாழ்நாளில் பனித்தளத்தில் கால்வைக்காத ரசிகரும் கடையில் ஜெர்சியை உட்புறம் திருப்பி முதலில் தேடுவது இந்தப் பட்டையைத்தான். ஹாக்கி லீகின் சீருடையை அடிடாஸ் வழங்கிய காலத்தில் அசல் தரம் என்று கடைகளில் விற்றவை இந்தோனேசியாவில் தைத்தவை. வீரர்கள் அணிந்தவை கனடாவில் தைத்தவை. கனடாவில் தைத்ததைக் குறிக்க ரசிகர்கள் ‘எம்.ஐ.சி.’ என்று ஒரு குறுஞ்சொல்லையே வைத்துக்கொண்டார்கள். ‘அசல்’ என்று விற்றதற்கும் அசலுக்கும் இடையே இன்னொரு படி இருந்ததை அந்தச் சொல் காட்டிக்கொடுத்தது.

முத்திரை மாறும், ஆலை மாறாது

தரக் குறைவுக்குத் தைப்பவரையே பழிப்பது வழக்கம். பேஸ்பாலில் 2005 முதல் எல்லா 30 அணிகளுக்கும் சீருடை தந்தது மஜெஸ்டிக் நிறுவனம். அதன் ஆலை பென்சில்வேனியா மாநிலத்தின் ஈஸ்டன் நகரையொட்டி இருக்கிறது. 2007இல் வி.எஃப். கார்ப்பரேஷன் மஜெஸ்டிக்கை வாங்கியது. 2017இல் அது ஃபனாட்டிக்ஸ் கைக்கு வந்தது. 2020 முதல் சீருடை உரிமம் அண்டர் ஆர்மருக்குப் போவதாக முதலில் அறிவிக்கப்பட்டது. அந்நிறுவனம் பின்வாங்கவே, நைக்கி பத்தாண்டு ஒப்பந்தத்தோடு உள்ளே வந்தது. தையல் மட்டும் அதே பென்சில்வேனியா ஆலையில் தொடர்ந்தது. ஹாக்கி லீகிலும் இதே கதைதான். 2024–25 பருவத்தில் அடிடாஸ் விலகி ஃபனாட்டிக்ஸ் வந்தபோது ரசிகர்கள் கலங்கினார்கள். களத்து ஜெர்சிகளோ கியூபெக்கின் செயின்ட் ஹையசிந்த் நகரில், பல பத்தாண்டுகளாகத் தைத்துவந்த அதே ஆலையிலேயே தயாராயின.

ஆகவே 2024 சிக்கலின் வேர் தையல் மேசையில் இல்லை. புதிய சீருடை பெரும்பகுதி மறுசுழற்சி பாலியெஸ்டரால் ஆனது. முன்னதைவிட 25 விழுக்காடு கூடுதலாக இழுபடும், 28 விழுக்காடு விரைவாக உலரும் என்று நைக்கி அறிவித்தது. எடை குறைப்பதற்காகவே எழுத்துகளும் ஒட்டுகளும் மெலிந்தன. அந்த ஏப்ரலில் வீரர் சங்கம் உறுப்பினர்களுக்கு அனுப்பிய குறிப்பு, பழியை ஃபனாட்டிக்ஸ்மீது போடாமல் நைக்கியின் வடிவமைப்பு முடிவுகள்மீதே போட்டது.

யார் சொல் எடுபடுகிறது

2024 நிகழ்வு புதுமையானது அல்ல. 2006இல் கூடைப்பந்து லீகான என்.பி.ஏ., தோல் பந்துக்குப் பதில் செயற்கை இழைப் பந்தைக் கொண்டுவந்தது. பந்து விரல்களைக் கீறுகிறது என்றார்கள் வீரர்கள். சங்கம் தொழிலாளர் வாரியத்தில் முறையிட்டது. 2007 ஜனவரி 1 அன்று தோல் பந்து திரும்பியது. அதே 2007இல் ரீபாக் ஹாக்கிக்குக் கொண்டுவந்த எட்ஜ் சீருடை நீரை உறிஞ்சாமல் விலக்கியது. வியர்வை முழுதும் கையுறைக்குள்ளும் காலணிக்குள்ளும் இறங்கியது. புகார் வலுக்கவே, அந்தப் பூச்சு இல்லாத வகை வீரர்களுக்குத் தரப்பட்டது.

மூன்று நிகழ்வுகளிலும் போக்கு ஒன்றே: பெரிய விளம்பரத்தோடு வந்த புதுப்பொருள், வீரரின் உடல் அதை மறுத்தது, சங்கம் பேசியது, லீக் திருத்தியது. ரசிகருக்குப் பேச அப்படியொரு அமைப்பு இல்லை. லீகோடு ஒப்பந்தம் செய்பவர் அவர் அல்லர். கடையில் வாங்கும் கடைசி ஆள் மட்டுமே.

சட்டம் அவருக்கு உதவிய தருணங்கள் உண்டு. ஆனால் அவை விலையோடு நின்றன. இங்கிலாந்தில் 2000, 2001 ஆண்டுகளில் அம்ப்ரோ தயாரித்த இங்கிலாந்து, மான்செஸ்டர் யுனைடெட் கால்பந்துச் சட்டைகள் 39.99 பவுண்டுக்குக் கீழே இறங்காமல் பார்த்துக்கொண்டதற்காக, போட்டி ஒழுங்குமுறை அலுவலகம் 2003இல் உற்பத்தியாளர், கடைகள், சங்கங்கள் உள்ளிட்டோருக்கு மொத்தம் 1.86 கோடி பவுண்டு அபராதம் விதித்தது. பின்னர் நுகர்வோர் அமைப்பு தொடுத்த வழக்கில் ஜே.ஜே.பி. கடை நிறுவனம், வழக்கில் சேர்ந்த ரசிகர்களுக்குத் தலா 20 பவுண்டு தர ஒப்புக்கொண்டது. துணியின் எடையையோ எழுத்தின் ஒட்டையோ அந்த வழக்கு தொடவில்லை. போட்டிச் சட்டத்துக்கு அது வேலையும் அல்ல.

முடிவுரை

இவ்வரலாற்றில் ஒரு விதிவிலக்கு கவனத்துக்குரியது. 1993 முதல் பேஸ்பால் அணிகளின் களத்துத் தொப்பியை நியூ எரா மட்டுமே தருகிறது, இதுவும் தனியுரிமமே. ஆனால் வீரர் அணியும் 59ஃபிஃப்டி வகையையே ரசிகரும் கடையில் வாங்க முடியும். 2007இல் கம்பளியிலிருந்து பாலியெஸ்டருக்கு அந்தத் தொப்பி மாறியபோதும் மாற்றம் இருவருக்கும் பொதுவாக இருந்தது. பொருள் ஒன்றாக இருக்கும்வரை வீரரின் புகார் ரசிகரையும் சேர்த்துக் காக்கிறது. படிநிலை பிரியும் இடத்தில்தான் அந்தக் காப்பு அறுகிறது.

எனவே ரசிகர் ஆடையின் தரத்தை உயர்த்த, ஆடை வழங்கும் நிறுவனத்தை மாற்றுவது வழியாகாது. ரீபாக், அடிடாஸ், நைக்கி, ஃபனாட்டிக்ஸ் என்று பெயர்கள் மாறியும் புகார் மாறவில்லை. செய்யக்கூடியவை இரண்டு. உரிமம் வழங்கும்போது ரசிகர் ஆடைக்கான துணி எடை, எழுத்து முறை, சலவைத் தாங்குதிறன் ஆகியவற்றை உரிமத்தொகையோடு சேர்த்து ஒப்பந்தத்திலேயே லீக் எழுத வேண்டும். களத்து ஜெர்சியிலிருந்து எந்தெந்த வகையில் வேறுபடுகிறது என்பதை ஒவ்வொரு கடை ஜெர்சியின் அட்டையும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். முதலாவதற்கு லீகின் விருப்பம் தேவை. பத்தாண்டு ஒப்பந்தங்கள் முடியும் தறுவாயில்தான் அது பேசப்படும். இரண்டாவதற்கு எந்த ஒப்பந்தமும் முடியக் காத்திருக்க வேண்டியதில்லை. நுகர்வோர் சட்டங்கள் துணியின் இழைச் சேர்க்கையை ஏற்கெனவே அட்டையில் எழுதவைக்கின்றன, இன்னும் இரண்டு வரி சேர்ப்பது புதிய கொள்கை ஆகாது.