மாத்தேரான் மலை நீராவி எஞ்சின்கள்

மும்பைக்குக் கிழக்கே, நேரல் நிலையத்திலிருந்து சுமார் 800 மீட்டர் உயரத்திலுள்ள மாத்தேரானுக்கு ஏறிச் செல்லும் இரண்டடி அகல ரயில்பாதைக்கென, ஜெர்மனியின் ஓரென்ஸ்டைன்-கொப்பெல் தொழிற்சாலையில் 1905 முதல் 1907 வரை நிர்மாணிக்கப்பட்ட நான்கு எஞ்சின்கள் இவை. 738 முதல் 741 வரை எண்ணிடப்பட்ட இவற்றின் அமைப்பை வகுத்தவர், பார்சி சிற்றிருப்புப்பாதையால் கீர்த்தி பெற்ற எவரார்டு கால்த்ராப்.

1907-இல் திறக்கப்பட்ட இப்பாதைக்குப் பெரும் பொருள் ஈந்தவர் பம்பாய் வணிகப் பிரபுவான சர் ஆதம்ஜி பீர்பாய். நிர்மாணத்தை முன்னின்று நடத்தியவர் அவருடைய குமாரர் அப்துல் ஹுசைன். ஆதம்ஜிக்குத் தாராவியில் தோல் பதனிடும் ஆலையும் இருந்தது. திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் ஷாப்புகளுக்கு வந்து குடியேறியவர்களின் சந்ததியார் இன்றும் அங்கு வாழ்வதால், மும்பைத் தமிழர் இம்மலைப்பாதையை முற்றிலும் அந்நியமாகக் கருத நியாயமில்லை.

இப்பாதையின் இருபதுக்கு ஒன்று என்ற ஏற்றத்தை, நீலகிரியிலுள்ளதுபோன்ற பல்சக்கரத்தின் உதவியின்றி ஏற வேண்டுமாயின், எஞ்சினின் எடை முழுவதும் அதன் ஆறு இயங்கு சக்கரங்களின்மேல் நிற்க வேண்டும். ஆனால் ஆறு சக்கரங்களையும் விறைப்பாகப் பிணைத்தால், கூரிய வளைவுகளில் அவை தண்டவாளத்தை அராவித் தேய்த்துவிடும். இந்த முரண்பாட்டுக்குப் பரிகாரமாக அமைந்ததே, ஸாக்ஸனிப் பொறியாளர் கிளீன், லிண்ட்னர் ஆகியோரின் பெயர் தாங்கிய அச்சு. முன்னும் பின்னுமுள்ள அச்சுகள் ஒவ்வொன்றிலும் உள்ளே திண்மையான தண்டு ஒன்று சட்டத்தில் நேராக நின்று சுழல, அதன்மேல் உறைபோல் சூழ்ந்த பொள்ளல் அச்சில் சக்கரங்கள் பொருத்தப்பட்டிருக்கும். நடுவில் உருண்டை மூட்டும் முளையும் இரண்டையும் இணைப்பதால், வெளியே இணைப்புத் தண்டுகள் நேர்கோடு பிசகாமல் இயங்கும்போதே, உள்ளே சக்கரங்கள் வளைவுக்கு இசைந்து திரும்பும். நான்கே சக்கரங்கள் கொண்ட டார்ஜிலிங் மலைப்பாதை எஞ்சினைவிட இதுவே நுண்ணிய தீர்வு என்பதில் ஐயமில்லை. பழுதுபார்ப்பில் பொறுமை வேண்டிய அமைப்பாயினும், முதல் உலக யுத்தத்தில் ஜெர்மன் ராணுவச் சிற்றிருப்புப்பாதை எஞ்சின்களிலும் இதே அச்சு விரிவாகக் கையாளப்பட்டது.

1950களில் டீசல் எஞ்சின்கள் வந்தன. 1980களின் தொடக்கத்தோடு நீராவி ஓய்ந்தது. 738 தில்லி ரயில் அருங்காட்சியகத்தை அடைந்தது. 740 இங்கிலாந்துக்குக் கப்பலேறியது. மாதுங்காவிலிருந்தோ செம்பூரிலிருந்தோ புறப்பட்டுக் கர்ஜத் லோக்கலைப் பிடித்து நேரலில் இறங்குவோர், இன்றைய சிறுரயிலில் ஏறினால் ஜும்மாபட்டிக்கு அப்பால் 'வாட்டர் பைப்' என்னும் நிலையத்தைக் காண்பர். ஏற்றத்தில் இளைத்து வந்த எஞ்சின்கள் நின்று தண்ணீர் பிடித்துக்கொண்ட இடம் அது.