கொற்கை என்னும் சோதனைச் சொல்

முத்துக்குளித்துறையில் சலாபம் அறிவிக்கப்படுவதற்கு முன் ஒரு சோதனை நடைபெறும். ஆங்கிலேயர் ஆட்சியில் அரசின் ஆய்வுக்குழு தூத்துக்குடிக்கு எதிரேயுள்ள பார்களுக்குச் சென்று, குளியாட்களை இறக்கி, மாதிரிச் சிப்பிகளை எடுத்துவரும். அவற்றை அழுகவிட்டுக் கழுவி, கிடைத்த முத்துகளை மதிப்பிட்ட பிறகே குளிப்புக்கு நாள் குறிக்கப்பட்டது. அதே பாரில் ஆணையின்றி மூழ்கியவன் திருடன் எனப்பட்டான். செயல் ஒன்றே, அனுமதிதான் வேறுபாடு.

மென்பொருள் உலகமும் இவ்வேறுபாட்டை ஒரே பருவத்தில் கற்றது. 1988-இல் விஸ்கான்சின் பல்கலைக்கழகப் பேராசிரியர் பார்ட்டன் மில்லர், புயல் இரவொன்றில் வீட்டிலிருந்து தொலைபேசி இணைப்பின் வழியே கணினியில் பணிபுரிந்தார். இணைப்பின் இரைச்சல் புகுத்திய பொருளற்ற எழுத்துகளால் நிரல்கள் நிலைகுலைந்தன. அதையே ஆய்வாக்கி, மாணவர்களைக் கொண்டு யுனிக்ஸ் நிரல்களுக்குத் தாறுமாறான எழுத்துகளை ஊட்டினார். அதற்கு ‘ஃபஸ்’ என்று பெயரிட்டார். சோதிக்கப்பட்டவற்றுள் நான்கில் ஒரு பங்குக்கும் மேற்பட்டவை செயலிழந்தன. அதே ஆண்டு நவம்பர் 2-ஆம் நாள் ராபர்ட் மோரிஸ் ஏவிய புழு நிரல், 432 சொற்கள் கொண்ட பட்டியலைச் சுமந்து கடவுச்சொற்களை ஊகித்தபடி பரவியது. 1990-இல் மில்லரின் முடிவுகள் கட்டுரையாக வெளிவந்தன. மோரிஸ் நீதிமன்றத்தில் தண்டனை பெற்றார்.

பின்னாளில் இவ்விரு மரபுகளும் கலந்தன. இன்று பாதுகாப்புச் சோதனையாளர்கள், நிரல்களைத் தடுமாறவைக்கும் சொற்களையும் குறிகளையும் பட்டியலாகத் தொகுத்து, உரிமையாளரின் ஒப்புதலோடு ஒவ்வொன்றாக ஊட்டிப் பார்க்கின்றனர்.

அப்பட்டியல்களில் ஆங்கிலமே மிகுதி. நம் எழுத்துகள் அவற்றில் இடம்பெறாதது வெறும் மொழிப்பற்றுக் குறை அன்று. 2018 பிப்ரவரியில் தெலுங்கு எழுத்துக்கூட்டு ஒன்று ஐஃபோன் செயலிகளை முடக்கியது. ஆப்பிள் நிறுவனம் அம்மாதமே திருத்தம் வெளியிட்டது. பாண்டியரின் முத்துத் துறையான கொற்கையையே எடுத்துக்கொள்வோம். அதன் முதலெழுத்தின் ஒகரக் குறியை ஒருங்குறியில் ஒரே குறியெண்ணாகவும் எழுதலாம். கொம்பும் காலுமாக இரு குறியெண்களாகவும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு இரண்டு. இரண்டையும் ஒன்றெனக் கொள்ளாத நிரலில் தேடினால் கொற்கை கிடைக்காமல் போகலாம். ஒரே பெயரில் இருவர் பதிவு செய்துகொள்ளவும் கூடும்.

ஆகவே தமிழ்ச் சோதனைச் சொற்களைத் தொகுப்பது தமிழறிந்தோர் செய்யவேண்டிய பணி. ஆனால் உரிமையாளரின் அனுமதியின்றிப் பிறர் கணினியில் நுழைவதை இந்தியத் தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000-இன் 43-ஆம் பிரிவு தடுக்கிறது. சொற்பட்டியல் கையிலிருப்பதால் மட்டும் ஒருவர் சோதனையாளர் ஆகிவிடமாட்டார். பாரில் இறங்குமுன் ஆணை வேண்டும்.