பிரிவு உபசாரத்தில் பிறந்த திருவிழா

சிகாகோவில் இன்று ஆண்டுதோறும் லட்சக்கணக்கானோர் கூடும் லொல்லபலூசா இசைத் திருவிழா, உடைந்துகொண்டிருந்த ஒரு ராக் குழு தனக்குத் தானே நடத்திக்கொண்ட பிரிவு உபசார விழாவாகத்தான் தொடங்கியது. குழுவை உடைத்தது ஹெராயினும் அதோடு ஒட்டிப் பிறந்த சண்டைகளும்.

குழுவின் பெயர் ஜேன்ஸ் அடிக்‌ஷன். 1985-இல் லாஸ் ஏஞ்சலிஸில் உருவானது. பாடகர் பெர்ரி ஃபாரல் பலரோடு சேர்ந்து தங்கியிருந்த வீட்டில் ஜேன் என்ற பெண்ணும் குடியிருந்தார். அவருடைய போதைப் பழக்கத்தையே குழுவுக்குப் பெயராக வைத்துவிட்டார்கள். அந்தப் பழக்கம் பெயர் வைத்தவர்களையும் விடவில்லை. ஃபாரல், கிட்டார் வாசித்த டேவ் நவாரோ, பேஸ் வாசித்த எரிக் ஏவரி மூவரும் ஹெராயினில் விழுந்தார்கள். 1990-இல் இரண்டாவது ஸ்டுடியோ ஆல்பம் வந்து புகழ் ஏறிய நேரத்தில் ஏவரி மீண்டிருந்தார்; மற்ற இருவரும் மீளவில்லை. விட்டவரும் விடாதவரும் ஒரே பஸ்ஸில் மாதக்கணக்கில் ஊர் சுற்றுவது எப்படி இருக்கும் என்று குடிகாரர் இருக்கும் வீட்டில் வளர்ந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அந்த ஆகஸ்டில் இங்கிலாந்தின் ரெடிங் திருவிழாவில் அவர்கள் பாட வேண்டியிருந்தது. முந்தைய இரவு ஒரு கிளப்பில் பாடி ஃபாரலுக்குக் குரல் போய்விட, கச்சேரி ரத்து. டிரம்மர் ஸ்டீபன் பெர்கின்ஸும் ஏஜென்ட் மார்க் கைகரும் சும்மா வேடிக்கை பார்க்கப் போனார்கள். ஒரே மைதானத்தில், நாள் முழுக்க, ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத குழுக்கள். இதையே அமெரிக்காவில் ஊர் ஊராகக் கொண்டுபோனால் என்ன? எப்படியும் கலையப் போகிறோம், கடைசிச் சுற்றுப்பயணம் இதுவாக இருக்கட்டும் என்றாகிவிட்டது. லொல்லபலூசா என்ற பெயரை ஏதோ பழைய 'த்ரீ ஸ்டூஜஸ்' காமெடியில் கேட்டதாக ஃபாரல் சொல்வார்.

1991 ஜூலை 18, அரிசோனாவில் ஃபீனிக்ஸுக்குப் பக்கத்தில் முதல் நாள். பாலைவன வெயில். நைன் இஞ்ச் நெய்ல்ஸ் குழுவின் கருவிகள் மக்கர் செய்ய, சில பாட்டுகளோடு சாமான்களைப் போட்டு உடைத்துவிட்டு இறங்கிவிட்டார்கள். இரவு ஃபாரலும் நவாரோவும் மேடையிலேயே கைகலந்தார்கள். ஆனாலும் ஐஸ்-டியின் ராப்பும் சூக்ஸி அண்ட் த பேன்ஷீஸும் ஒரே டிக்கெட்டில் கிடைத்ததை ரசிகர்கள் விடுவார்களா? ஆகஸ்டு முடிவதற்குள் விழா வெற்றி. செப்டம்பரில் ஹவாயில் கடைசிக் கச்சேரி, குழு கலைந்தது.

விழா தொடர்ந்தது. ஹெராயினும் தொடர்ந்தது. 1994-இல் முதன்மைக் குழுவாக வர வேண்டிய நிர்வாணா விலகியது. மறுவாழ்வு மையத்திலிருந்து சுவரேறி வெளியேறிய அதன் பாடகர் கர்ட் கோபேன் அந்த ஏப்ரலில் வீட்டில் சுட்டுக்கொண்டு இறந்தார். நிர்வாணாவின் இடத்துக்கு ஸ்மேஷிங் பம்ப்கின்ஸ் வந்தது. 1996-இல் அந்தக் குழுவோடு பயணித்த கீபோர்டு கலைஞர் ஜானதன் மெல்வாய்ன் ஹெராயினால் இறந்தார். 1993 லொல்லபலூசாவில் ஆலிஸ் இன் செயின்ஸுக்காகப் பாடிய லேன் ஸ்டேலியின் முடிவு இன்னும் மோசம். 2002 ஏப்ரலில், இரண்டு வாரமாக அவர் கணக்கிலிருந்து பணம் எடுக்கப்படவில்லை என்று கணக்காளர்கள் முன்னாள் மேனேஜரிடம் சொன்ன பிறகுதான் வீட்டைத் திறந்து பார்த்தார்கள். உடல் எடை 40 கிலோகூட இல்லை.

விழாதான் இவர்களைக் கொன்றது என்று சொல்ல மாட்டேன். ஆனால் போதையில் கிடப்பவனுக்கும் கச்சேரித் தேதி குறிக்கிற தொழில் இது. தேதிகளைத் தள்ளிப்போடுவதைவிட ஆளை மாற்றுவது அதற்குச் சுலபமாக இருந்தது.

2005 முதல் விழா சிகாகோவின் கிராண்ட் பார்க்கில் நிலைகொண்டது. 2023 ஜனவரியில் மும்பை மகாலட்சுமி ரேஸ்கோர்ஸுக்கும் வந்தது. ஜேன்ஸ் அடிக்‌ஷனின் பழைய நால்வரும் 2024-இல் மறுபடி சேர்ந்து கிளம்பினார்கள். செப்டம்பர் 13 அன்று பாஸ்டன் மேடையில் ஃபாரல் நவாரோவை அடித்தார். மிச்சக் கச்சேரிகள் ரத்தாயின.