ஐபோனா, கேலக்ஸியா? ஜிஎஸ்டி ரோட்டோரமாக ஒரு சின்ன வரலாறு

மதுராந்தகத்துக்காரர்களுக்கு 2017 ஜூலை வரைக்கும் ஜிஎஸ்டி என்றால் ஒரே அர்த்தம்தான். கிராண்ட் சதர்ன் டிரங்க் ரோடு. அதற்குப் பிறகுதான் அதே மூன்றெழுத்தில் ஒரு வரியும் வந்து சேர்ந்தது. எண்பதாயிரம் ரூபாய்க்கு மேல் போகும் ஒரு போனின் கதையில் இந்த ரோடும் வருகிறது, வரியும் வருகிறது. பி.காம். படிக்கிறவர்கள் எழுதினால் இரண்டையும் சேர்த்துத்தானே எழுத வேண்டும்!

வகுப்பில் யாராவது ஒருவர் மாதம் தவறாமல் கேட்கிற கேள்வி இது: "ஐபோன் வாங்கலாமா, சாம்சங் எஸ் சீரிஸ் வாங்கலாமா?" கேட்கிறவர்களில் பாதிப் பேருக்குப் பணம் கொடுக்கப்போவது அப்பா. மீதிப் பேருக்கு இஎம்ஐ. இன்னும் சம்பளமே வாங்காத ஒருவர், ஒரு வீட்டின் பல மாத மளிகைச் செலவைத் தூக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளப் போகிறார் என்பதுதான் விஷயம். பதில் சொல்ல எல்லோரும் உடனே மெகாபிக்சல், ரேம், பேட்டரி என்று அட்டவணை போடுகிறார்கள். அந்த அட்டவணையை எவ்வளவு நம்பலாம் என்று பார்க்க, 2007-க்குப் போக வேண்டும்.

ஒரு கம்பெனியின் தலைசிறந்த போனை 'ஃபிளாக்ஷிப்' என்கிறார்கள். கடற்படைத் தளபதி ஏறிவரும், அவருடைய கொடி பறக்கும் கப்பல் என்பதுதான் அந்தச் சொல்லின் மூலம். 2007-ல் போன் உலகத்தின் கொடிக்கப்பல் நோக்கியா என்95. 5 மெகாபிக்சல் கார்ல் சைஸ் கேமரா, ஜிபிஎஸ், வைஃபை, 3ஜி எல்லாம் அதில் இருந்தன. அதே ஆண்டு ஜனவரி 9 அன்று ஸ்டீவ் ஜாப்ஸ் அறிமுகப்படுத்திய முதல் ஐபோனில் கேமரா 2 மெகாபிக்சல். 3ஜி இல்லை, ஜிபிஎஸ் இல்லை, எம்எம்எஸ் இல்லை, வீடியோ எடுக்க முடியாது. ஒரு வரியைக் காப்பி செய்து இன்னோர் இடத்தில் ஒட்டக்கூட முடியாது (அந்த வசதி 2009-ல்தான் வந்தது). ஆப் ஸ்டோர் கிடையாது, அதுவும் 2008 ஜூலையில்தான். அட்டவணை போட்டால் ஏறக்குறைய எல்லா வரியிலும் நோக்கியாதான் ஜெயிக்கும். ஏழே வருஷத்தில் நோக்கியா தன் போன் வியாபாரத்தை மைக்ரோசாஃப்டிடம் கொடுத்துவிட்டு வெளியேறியது. விரலால் தொட்டு நகர்த்தும் அந்தத் திரை எவ்வளவு சுலபமாக இருந்தது என்பதற்கு அட்டவணையில் கட்டமே இல்லை.

நோக்கியா என்றதும் நம்ம பக்கத்துக் கதையைச் சொல்லாமல் போக முடியாது. ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஆலை உற்பத்தியைத் தொடங்கியது 2006 ஜனவரியில். உச்சத்தில் சுமார் 8,000 பேர் நேரடியாக வேலை பார்த்தார்கள், அதில் பெரும்பாலும் இளம்பெண்கள். அங்கே தயாரானவை பெரும்பாலும் சாதாரண விலை போன்கள்தான். 2013 ஜனவரியில் வருமான வரித்துறை சோதனை நடத்தியது. பின்லாந்தில் உள்ள தாய் நிறுவனத்திடமிருந்து மென்பொருளை வாங்கியதற்குக் கொடுத்த தொகை ராயல்டி, அதற்கு டிடிஎஸ் பிடிக்கவில்லை என்பது குற்றச்சாட்டு. கேட்ட தொகை சுமார் 2,080 கோடி. 2014 மார்ச்சில் மாநில அரசு தன் பங்குக்கு, ஏற்றுமதி செய்ததாகச் சொன்ன போன்களை உள்நாட்டிலேயே விற்றீர்கள் என்று சுமார் 2,400 கோடி வாட் வரி கேட்டது. நோக்கியா இரண்டையும் மறுத்தது. மைக்ரோசாஃப்டுக்கு ஆலையை மாற்ற வேண்டுமானால் 3,500 கோடிக்கு உத்தரவாதம் கொடு என்று நீதிமன்றத்தில் நிபந்தனை வந்ததும், ஆலையை மட்டும் விட்டுவிட்டு மற்றவை 2014 ஏப்ரலில் கை மாறின. 2014 நவம்பர் 1-ல் உற்பத்தி நின்றது. ஆயிரக்கணக்கானோர் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு போனார்கள். இருபத்தைந்து வயதில் விருப்ப ஓய்வு! அந்தச் சொல்லை டிடிஎஸ் பாடத்தில் எங்கேயும் பார்க்க முடியாது.

ஐபோனை அதிகாரபூர்வமாக இந்தியாவுக்குக் கொண்டுவந்தவை ஏர்டெல்லும் வோடஃபோனும், 2008 ஆகஸ்ட் 22-ல். ஐபோன் 3ஜி, 8 ஜிபி, விலை 31,000 ரூபாய். அமெரிக்காவில் அதே போன் 199 டாலர், அன்றைய கணக்கில் எட்டாயிரத்து ஐந்நூறு ரூபாய் சொச்சம். நாலு மடங்கு கொள்ளை என்று பலரும் கொதித்தார்கள். ஆனால் அங்கே இரண்டு வருஷ ஒப்பந்தம் போட்டு, மாதாமாதம் பில்லில் அந்தப் பணத்தை வசூலித்துக்கொண்டார்கள். 199 டாலர் என்பது போனின் விலையே இல்லை, வெறும் முன்பணம். இதில் வேடிக்கை என்னவென்றால், ஐபோன் '3ஜி' விற்பனைக்கு வந்த அன்று இந்தியாவில் 3ஜி சேவையே கிடையாது. டெல்லியில் எம்டிஎன்எல் டிசம்பரில் ஆரம்பித்தது. சென்னையில் பிஎஸ்என்எல் ஆரம்பித்தது 2009 பிப்ரவரியில்.

சாம்சங் சீரியஸாகக் களத்தில் இறங்கியது 2010-ல், கேலக்ஸி எஸ் மூலம். அதே வருஷம் ஐபோன் 4. இரண்டையும் அடுத்தடுத்து வைத்து உலகமே ஒப்பிட்டது. உள்ளே இருந்த சிப்பைப் பற்றித்தான் அதிகம் பேர் பேசவில்லை. ஆப்பிளின் ஏ4, சாம்சங்கின் ஹம்மிங்பேர்ட், இரண்டும் ஒரே கோர்டெக்ஸ் ஏ8 வடிவமைப்பிலிருந்து வந்தவை, இரண்டும் சாம்சங் தொழிற்சாலையிலேயே தயாரானவை. கிட்டத்தட்ட அண்ணன் தம்பி. அடுத்த வருஷமே ஆப்பிள் வழக்குப் போட்டது, என் போனை அப்படியே காப்பியடித்துவிட்டான் என்று. 2012 ஆகஸ்டில் ஜூரி 105 கோடி டாலர் அபராதம் விதித்தது. மேல்முறையீடு, உச்ச நீதிமன்றம், மறு விசாரணை என்று இழுத்து 2018 மே மாதத்தில் 53.9 கோடி டாலர் என்று முடிவாகி, ஜூனில் சமாதானமாகப் போனார்கள். இவ்வளவு சண்டைக்கு நடுவில், 2017-ல் வந்த ஐபோன் எக்ஸின் ஓஎல்இடி திரையைச் செய்து கொடுத்தது யார்? சாம்சங்தான். கோர்ட்டில் எதிராளி, கொள்முதல் கணக்கில் சப்ளையர். "நான் ஆப்பிள் கட்சி, நீ சாம்சங் கட்சி" என்று கேன்டீனில் கத்துகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம் :-)

இப்போது விலை. இந்தக் கணக்குதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. 2017 நவம்பரில் ஐபோன் எக்ஸ் அமெரிக்காவில் 999 டாலர், இந்தியாவில் 89,000 ரூபாய். டாலருக்கு 65 ரூபாய் என்று வைத்தால் 64,935. அப்போது சுங்கவரி 10 சதவீதம், போனுக்கு ஜிஎஸ்டி 12 சதவீதம். இரண்டையும் முழு விலையின் மேல் ஏற்றினாலும் 80,000 தான் வருகிறது (சுங்கவரி இறக்குமதி மதிப்பின் மேல்தான், ஆகவே உண்மையில் இன்னும் குறையும்). மீதி ஒன்பதாயிரத்துக்கு மேல் யாரோ நம்மிடம் கூடுதலாக வாங்கியிருக்கிறார்கள். 2025 செப்டம்பரில் வந்த ஐபோன் 17-ஐப் பாருங்கள். அமெரிக்காவில் 799 டாலர், டாலருக்கு 88 ரூபாய் வைத்தால் 70,312. அதோடு 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்தால் 82,968. இந்தியாவில் அறிவித்த விலை 82,900! அமெரிக்க விலையில் விற்பனை வரி சேர்ந்திருக்காது என்பதால், வரிக்கு முந்தைய விலை இரண்டு ஊரிலும் ஒன்றுதான்.

நடுவில் நடந்தது என்ன? சுங்கவரியை 2018 பட்ஜெட்டில் 20 சதவீதமாக ஏற்றினார்கள், இறக்குமதி செய்தால் கட்டுப்படியாகாது என்ற நிலை வந்தது (2024 ஜூலையில் 15 ஆகக் குறைந்தது). 2020-ல் உற்பத்தி சார்ந்த ஊக்கத்தொகைத் திட்டம் வந்தது. இங்கே தயாரித்துக் கூடுதலாக விற்கிற மதிப்பில் 4 முதல் 6 சதவீதம் அரசு கொடுக்கும். வெளிநாட்டுக் கம்பெனிகளுக்கு ஒரு நிபந்தனை, போனின் மதிப்பு 15,000 ரூபாய்க்கு மேல் இருக்க வேண்டும். அதாவது நோக்கியா காலத்து மலிவு போனுக்கு இந்தச் சலுகை இல்லை, கொடிக்கப்பலுக்கு உண்டு. ஸ்ரீபெரும்புதூர் ஃபாக்ஸ்கான் ஆலையில் ஐபோன் 2019-லேயே ஆரம்பித்துவிட்டது. 2022 செப்டம்பர் 30-ல் செங்கல்பட்டுக்கு அருகே மகேந்திரா வேர்ல்டு சிட்டியில் பெகட்ரான் ஆலை திறந்தார்கள். 1,100 கோடி முதலீடு, 14,000 பேருக்கு வேலை என்பது அறிவிப்பு. 2025 ஜனவரியில் டாடா எலக்ட்ரானிக்ஸ் அந்த இந்தியக் கம்பெனியில் 60 சதவீதத்தை வாங்கியது. மதுராந்தகத்தில் பஸ் ஏறி, படாளம் தாண்டி, செங்கல்பட்டு தாண்டி, பரனூர் டோல்கேட் தாண்டினால் அந்த வளாகம்தான். நோக்கியா விட்டுப்போன ஆலைகூட வீணாகவில்லை. அதை சால்காம்ப் வாங்கியது, சார்ஜர் செய்கிற கம்பெனி.

சாம்சங்குக்கும் ஸ்ரீபெரும்புதூரில் 2007-லிருந்து ஆலை உண்டு. ஆனால் அங்கே டிவி, பிரிட்ஜ், வாஷிங் மெஷின்தான். போன் நொய்டாவில். 2018-ல் அந்த ஆலையை விரிவாக்கியபோது உலகின் மிகப் பெரிய போன் ஆலை என்றார்கள். 2023-ல் வந்த எஸ்23-லிருந்து இந்தியாவில் விற்கும் எஸ் சீரிஸும் நொய்டாவில் தயாராகிறது. ஆக, "நம்ம ஊர் போன்" என்று பெருமையடித்து வாங்க நினைத்தால் ஐபோன்தான் பக்கம். ஆனால் அந்தப் பெருமைக்குக் கணக்கில் இன்னொரு பக்கமும் உண்டு. 2021 டிசம்பரில் ஃபாக்ஸ்கான் தொழிலாளர் விடுதியில் உணவு விஷமாகி 150 பேருக்கு மேல் ஆஸ்பத்திரிக்குப் போனதும், பெண்கள் நெடுஞ்சாலையில் உட்கார்ந்து மறியல் செய்ததும், ஆலை சில வாரம் மூடியதும் இதே கதைதான். 2024 செப்டம்பரில் சாம்சங் ஆலையில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் தொழிற்சங்க அங்கீகாரம் கேட்டு 37 நாள் வேலைநிறுத்தம் செய்ததும்தான். இந்த விஷயத்தில் இரண்டு பிராண்டில் எதையும் உயர்த்திப் பிடிக்க எனக்கு மனசு வரவில்லை.

சரி, வாங்குவது எதை?

2025 மாடல்களையே எடுத்துக்கொள்வோம். கேலக்ஸி எஸ்25 தொடக்க விலை 80,999, 256 ஜிபி. ஐபோன் 17, 82,900, அதுவும் 256 ஜிபி. திரை 6.2 அங்குலம், 6.3 அங்குலம். 120 ஹெர்ட்ஸ் திரையை சாம்சங் 2020-லேயே கொடுத்துவிட்டது, ஆப்பிள் தன் சாதாரண மாடலுக்கு அதைக் கொடுக்க ஐந்து வருஷம் யோசித்தது. எஸ்25-ல் மூன்று மடங்கு ஜூமுக்குத் தனி கேமரா உண்டு, ஐபோன் 17-ல் இல்லை. எடை எஸ்25-ல் குறைவு. வீடியோவிலும் செல்ஃபி கேமராவிலும் ஐபோன் மேல். சார்ஜர் பின் இரண்டுக்கும் ஒன்றே (ஐரோப்பியச் சட்டத்தின் புண்ணியம்). சாம்சங்கிடம் நமக்கு ஒரு பழைய மனஸ்தாபம் இருந்தது: அமெரிக்காவுக்கு ஸ்னாப்டிராகன் சிப், இந்தியாவுக்கு எக்ஸினாஸ். எஸ்24-ல்கூட சாதாரண மாடலுக்கு அதைச் செய்தார்கள். எஸ்25-ல் எல்லா இடத்திலும் ஸ்னாப்டிராகன்.

அட்டவணை இதோடு முடிந்தது, வித்தியாசம் பெரிதாக இல்லை. எத்தனை வருஷம் போனை அப்டேட் செய்து காப்பாற்றுவார்கள் என்பதில்தான் வரலாறு உதவுகிறது. 2010-ன் கேலக்ஸி எஸ், ஆண்ட்ராய்டு 2.3-உடன் நின்றது. 4.0 வராது என்று 2011 டிசம்பரிலேயே கைவிரித்தார்கள். ஆப்பிளோ வாக்குறுதி எதுவும் கொடுக்காமலே 2015-ன் ஐபோன் 6எஸ்-ஐ 2022 வரைக்கும், 2018-ன் எக்ஸ்ஆர்-ஐ 2025 வரைக்கும் புதிய பதிப்பில் வைத்திருந்தது. ஏழு வருஷம். சாம்சங் 2024-ல் எஸ்24-லிருந்து ஏழு வருஷம் என்று எழுத்தில் கொடுத்திருக்கிறது, ஆனால் அந்தச் சீட்டு முதிர்வது 2031-ல். காமர்ஸ் பாஷையில் சொன்னால் ஒருவரிடம் ரொக்கம், இன்னொருவரிடம் ப்ராமிசரி நோட்டு.

ஏழு வருஷம் வைத்துக்கொண்டால் ஐபோன் வருஷத்துக்கு 11,843 ரூபாய், எஸ்25 11,571. வித்தியாசம் 272 ரூபாய். நடுவில் விற்றால்தான் கணக்கு மாறும், பழைய ஐபோனுக்கு எப்போதும் நல்ல விலை கிடைக்கும். சாம்சங் விலை சில மாதத்திலேயே இறங்க ஆரம்பித்துவிடும். முதல் நாள் வாங்கியவருக்கு அது தேய்மானம், பத்து மாதம் பொறுத்தவருக்கு அதுவே லாபம். 'நோ காஸ்ட் இஎம்ஐ' என்பதையும் முழுசாக நம்ப வேண்டாம். வட்டியைத் தள்ளுபடியாகக் கொடுத்தாலும் அந்த வட்டிக்கு 18 சதவீத ஜிஎஸ்டியும் பிராசஸிங் கட்டணமும் நம் தலையில்தான்.

என் கணக்கில் வந்தவுடனேயே வாங்கியாக வேண்டும், மூன்று வருஷத்தில் விற்றுவிடுவேன் என்பவர்களுக்கு ஐபோன். அடுத்த தீபாவளி வரை காத்திருக்கத் தெரிந்தவர்களுக்கு, விலை இறங்கிய பிறகு கேலக்ஸி. அப்பா காசில் வாங்குகிறவர்கள் இரண்டாவது வரிசையில் நிற்கலாம்.