மார்கழியில் வடக்கே: வண்ணாத்திவில்லிலிருந்து இரண்டு பாதைகள்

வண்ணாத்திவில்லிலிருந்து மன்னாருக்கும் யாழ்ப்பாணத்துக்கும் செல்ல இரண்டு பாதைகள் உள்ளன. ஒன்று காட்டுக்குள்ளால் போகும் குறுக்குப் பாதை. மற்றது அநுராதபுரத்தைச் சுற்றிப் போகும் நெடும்பாதை. மார்கழி விடுமுறையில் நண்பர்களாகச் சேர்ந்து வாகனம் பிடித்து வடக்கே போக நினைப்போர், இவற்றில் எதை நம்பலாம் என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

பழைய மன்னார் வீதி

புத்தளத்திலிருந்து எழுவன்குளம் ஊடாகச் செல்லும் இவ்வீதி, கலா ஓயாவைக் கடந்து வில்பத்து தேசிய பூங்காவுக்குள் நுழைகிறது. பின்னர் மறிச்சுக்கட்டி, சிலாவத்துறை வழியாக மன்னாரை அடைகிறது. நெடும்பாதையை விடத் தூரம் கணிசமாகக் குறைவு. ஆனால் மாரியில் கலா ஓயா பெருகினால் எழுவன்குளம் சப்பாத்துப் பாலம் நீரில் மூழ்கிவிடும்.

வில்பத்து 1938இல் தேசிய பூங்காவானது. போர்க்காலத்தில் அது நீண்டகாலம் மூடிக்கிடந்தது. 2006 மே மாதம் அங்கு வெடித்த கண்ணிவெடியில் எழுத்தாளர் நிஹால் டி சில்வா உட்பட ஏழு பேர் உயிரிழந்தனர். போர் முடிந்தபின் வீதியைத் திறந்து புனரமைக்க எடுத்த முயற்சியை எதிர்த்து, 2010இல் சூழல் அமைப்புகள் உயர் நீதிமன்றத்தை நாடின. எனவே இவ்வீதியை நம்பித் திட்டமிட வேண்டாம். வனஜீவராசிகள் திணைக்களத்திடம் விசாரித்த பின்னரே முடிவெடுங்கள்.

யாருடைய பாதை?

சுற்றுலாப் பயணிக்கு இது குறுக்குவழி. முசலிப் பகுதி மக்களுக்கு ஊருக்குப் போகும் வழி. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கு முஸ்லிம்கள் சுமார் 75,000 பேரை வெளியேற்றினர். அவர்களில் பெரும்பாலானோர் தஞ்சமடைந்தது புத்தளம் மாவட்டத்தில். வண்ணாத்திவில்லும் அவர்களை ஏற்றது. இன்றும் பல குடும்பங்களுக்கு வீடு இங்கே, காணியும் வாக்கும் அங்கே. 2019 நவம்பர் 16 ஜனாதிபதித் தேர்தலன்று, வாக்களிப்பதற்காகப் புத்தளத்திலிருந்து மன்னாருக்குச் சென்றவர்களின் பேருந்துகள் மீது தந்திரிமலையில் துப்பாக்கிச் சூடு நடத்தப்பட்டது. யானைக்கும் மரத்துக்கும் காடு வேண்டும் என்பது நியாயமே. ஊர் திரும்புவோருக்கு வழி வேண்டும் என்பதும் நியாயமே. வீதி பற்றிய பேச்சில் இரண்டாவது நியாயம் அடிக்கடி விடுபட்டுப் போகிறது.

நெடும்பாதை

புத்தளத்திலிருந்து ஏ-12 வீதியில் அநுராதபுரம் சுமார் 75 கிலோமீற்றர். அங்கிருந்து மதவாச்சி சென்று, ஏ-14 வீதியில் மன்னார் நோக்கித் திரும்ப வேண்டும். மன்னாரை நெருங்கும்போது பிரியும் ஏ-32 வீதி விடத்தல்தீவு, வெள்ளாங்குளம், பூநகரி வழியாக யாழ்ப்பாணம் செல்கிறது. 2011இல் சங்குப்பிட்டிப் பாலம் திறக்கப்பட்டதால் கடல்நீரேரியை இப்போது வாகனத்திலேயே கடக்கலாம். பெருமழையில் இந்த நெடும்பாதையும் தடைப்படலாம். புறப்படுமுன் வெள்ள அறிவித்தல்களைக் கவனியுங்கள்.

வழியில் காண

மன்னார் வங்காலைச் சரணாலயம் 2010இல் ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. மாரியில் வலசை வரும் பறவைகளை அங்கு காணலாம். அரிப்பில், முத்துக்குளிப்புக் காலத்தில் தங்குவதற்காக ஆளுநர் பிரடெரிக் நோர்த் கட்டிய மாளிகையின் சிதைவுகள் கடலோரம் நிற்கின்றன. நாட்டின் வடமுனை பருத்தித்துறைச் சக்கோட்டை முனை. மார்கழியில் அங்கு வாடைக்காற்று வீசும், கடல் கொந்தளிக்கும், குளிக்க இறங்காதீர்கள்.

முசலி ஊர்களுக்குப் போனால், பாழடைந்த வீடுகளைப் படம் எடுக்குமுன் அயலவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். அந்த வீட்டின் சொந்தக்காரர் வண்ணாத்திவில்லில் உங்கள் அயலவராகவே இருக்கக்கூடும்.